கார் ஏ.ஸி.யில் கேஸ் தீருமா?

"கார்ல ஏ.ஸி. வேலை செய்யலை. கேஸ் தீர்ந்து போச்சாம். போட்டுக்கிட்டு வரணும்." பழைய கார் வைத்திருக்கிற வீடுகளில், பங்குனி பிறந்துவிட்டால் இந்தப் பேச்சு அடிபடாமல் இருக்காது. கணவர்மார்கள் சொல்வார்கள், நாமும் கேட்டுக்கொள்வோம். அடுப்பு எரியும் கேஸ் தீருகிற மாதிரி இதுவும் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது, சிலிண்டர் மாற்றுகிற மாதிரி இதற்கும் ஒரு செலவு என்று பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுவோம்.

சகோதரிகளே, ஒரு விஷயத்தை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். கார் ஏ.ஸி.யில் இருக்கும் கேஸ் தீருகிற சாமான் இல்லை. அடுப்பில் கேஸ் எரிகிறது, அதனால் தீர்கிறது. ஏ.ஸி.யில் எதுவும் எரிவதில்லை. அதே கேஸ்தான் மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. நம் வீட்டு ஃபிரிட்ஜை எடுத்துக்கொள்ளுங்களேன். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆனாலும் யாராவது அதற்கு வருஷா வருஷம் கேஸ் போடுகிறோமா?

காருக்கும் ஃபிரிட்ஜுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். கார் ஓடும்போது எஞ்சின் ஆடும், குலுங்கும். அதனால் எல்லாக் குழாயையும் உலோகத்தில் வைக்க முடியாது. இடையிடையே ரப்பர் குழாய் இருக்கும். அதன் வழியாகவும் இணைப்புகள் வழியாகவும் வருஷக்கணக்கில் கொஞ்சமே கொஞ்சம் கேஸ் கசியத்தான் செய்யும். ஆனால் போட்ட கேஸ் இரண்டு மாதத்தில், மூன்று மாதத்தில் காணாமல் போகிறது என்றால், அது தீரவில்லை. எங்கேயோ ஓட்டை இருக்கிறது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

எங்கள் வீட்டு அனுபவம்

எங்கள் கார் 2009-ம் வருஷத்து வண்டி. இரண்டாம் கையாக வாங்கியது. குடியிருப்பது மடிப்பாக்கத்தில். 2022-ம் வருஷக் கோடையில் ஏ.ஸி. நின்றது. என் கணவர் வழக்கமாகப் போகும் கடையில் கேஸ் போட்டார்கள், 1,800 ரூபாய். தீபாவளிக்குள் போய்விட்டது. மறுபடி 1,800. அடுத்த மார்ச்சில் மறுபடியும் அதே கதை. மூன்று தடவையும் வண்டி கடைக்குள் போய் முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டது. "ஏன் போச்சு?" என்று இவர் கேட்டதற்கு, "பழைய வண்டி சார், அப்படித்தான் போகும்" என்றார்களாம்.

நாலாவது தடவை போனபோது சமாசாரம் வேறு. என் மகளுக்கு வளைகாப்பு முடிந்து தலைப் பிரசவத்துக்கு அழைத்து வந்திருந்தோம். ஏப்ரல் கடைசி. ஆஸ்பத்திரி நகரத்துக்குள் இருக்கிறது. போக ஒரு மணி, வர ஒரு மணி. கத்திரி வெயிலில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று போக வேண்டும். கண்ணாடியை இறக்கினால் புகையும் அனலும். முதல் தடவை போய் வந்ததுமே அவளுக்குக் கால் வீங்கி, தலை சுற்றி, வாந்தி வந்துவிட்டது. டாக்டரம்மா, "வெயில்ல அலைய விடாதீங்க, உடம்பு சூடேறக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிரசவம் ஆனால் பச்சைக் குழந்தையை வீட்டுக்கு அழைத்து வருவதும் இதே காரில்தான்.

இவர் மறுபடி 1,800 ரூபாயை எடுத்து வைத்தார். "என்னங்க, கேஸ் எங்க போகுதுன்னு பார்த்துட்டு அப்புறம் போடலாமே?" என்றேன். அக்கம்பக்கத்தில் விசாரித்ததில், ஏறக்குறைய முப்பது வருஷமாகக் கார் ஏ.ஸி. வேலை மட்டுமே பார்க்கிற பெரியவர் ஒருவர் வேளச்சேரிப் பக்கம் இருப்பதாகத் தெரிந்தது. இவரோடு நானும் போனேன். நான் பத்தாவது வரை படித்தவள். கேள்வி கேட்க அதுவே போதும்! அந்தப் பெரியவர் சலித்துக்கொள்ளாமல் ஒவ்வொன்றாகக் காட்டிச் சொன்னார். அவரிடம் கேட்டதையும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

குளிர்ச்சி எப்படி வருகிறது?

கையில் கொஞ்சம் ஸ்பிரிட் தடவிப் பாருங்கள். ஊசி போடுவதற்கு முன் நர்ஸ் துடைப்பாரே, அதே ஸ்பிரிட். ஜில்லென்று இருக்கும். திரவம் ஆவியாகும்போது தோலிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போவதால்தான் அந்த ஜில்லிப்பு. ஏ.ஸி.யின் ரகசியமும் இதுதான். உள்ளே இருக்கும் கேஸ் ஒரு இடத்தில் திரவமாகும், இன்னொரு இடத்தில் ஆவியாகும். ஆவியாகிற இடத்தில் குளிர்ச்சி.

பானட்டைத் திறந்தால் எஞ்சினோடு பெல்ட் போட்டு ஓடுகிற உருண்டைப் பெட்டி ஒன்று இருக்கும். அதுதான் கம்ப்ரெஸர். கேஸை அழுத்தி அனுப்புவது அதன் வேலை. அழுத்தினால் கேஸ் சூடாகும். அந்தச் சூடான கேஸ், ரேடியேட்டருக்கு முன்னால் வலை போல இருக்கிற கண்டென்ஸருக்குள் போய், காற்றில் சூட்டை இறக்கிவிட்டுத் திரவமாகும். பிறகு டிரையர் என்னும் சின்ன உருளை வழியாக வரும். ஈரத்தை உறிஞ்சும் மணிகள் அதற்குள் இருக்கும். அங்கிருந்து ஒரு சின்ன துவாரம் உள்ள வால்வு வழியாகப் பீய்ச்சி அடித்துக்கொண்டு, டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிற கூலிங் காயிலுக்குள் போகும். அங்கே ஆவியாகிக் காயிலைக் குளிர வைக்கும். மின்விசிறி அதன் மேல் காற்றை ஊதும். அந்தக் காற்றுதான் நம் முகத்தில் படுவது. ஆவியான கேஸ் மறுபடி கம்ப்ரெஸருக்குத் திரும்பும்.

இந்தச் சுற்றில் இரண்டு குழாய்களை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மெல்லியது, அழுத்தம் அதிகம், சூடாக இருக்கும். இன்னொன்று தடிமன், அழுத்தம் குறைவு, தொட்டால் குளிரும், மேலே வியர்த்திருக்கும். கார் டயரில் 30 பவுண்டு காற்று அடிக்கிறோம் அல்லவா? வெயில் நாளில் அந்த மெல்லிய குழாய்க்குள் 200 பவுண்டுக்கு மேல் அழுத்தம் இருக்கும். இதை மறக்காதீர்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

காரில் ஏ.ஸி. வந்த கதையும் வேடிக்கையானது. தொழிற்சாலையிலேயே ஏ.ஸி. பொருத்தி வந்த முதல் கார், அமெரிக்காவின் பாக்கார்ட் கம்பெனியின் 1940-ம் வருஷ மாடல். கூலிங் காயில் டிக்கியில் இடத்தை அடைத்துக்கொண்டது. ஏ.ஸி.யை அடியோடு நிறுத்த வேண்டுமானால் எஞ்சினை அணைத்துவிட்டு பெல்ட்டைக் கழற்ற வேண்டுமாம்! இன்று நாம் ஒரு விரலால் பட்டனை அழுத்துகிறோம்.

குழாய் ஏன் ஓட்டையாகிறது?

ஏ.ஸி. குழாய்கள் பெரும்பாலும் அலுமினியம். நம் அலுமினியப் பாத்திரம் புளியும் உப்பும் பட்டால் அரித்துப் போகிறதே, இதுவும் அப்படித்தான். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று அரிக்கும். பாட்டரி ஆஸிட் சிந்தினால் அரிக்கும். இரண்டாவது காரணம் உராய்வு. குழாய் ஆடாமல் இருக்க அங்கங்கே ரப்பர் வைத்த கிளிப் போட்டிருப்பார்கள். வேறு ஏதோ வேலைக்காகக் கழற்றிய கிளிப்பைத் திருப்பி மாட்டாமல் விட்டுவிட்டால், குழாய் பக்கத்து இரும்பில் உரசி உரசி, மாதக்கணக்கில் தேய்ந்து ஓட்டையாகும். மூன்றாவது ரப்பர். எஞ்சின் சூட்டில் பத்துப் பதினைந்து வருஷம் வெந்தால், இறுகி வெடிப்பு விடும். எலி கடிப்பதும் உண்டு. நாலாவது, குழாய் சேருமிடங்களில் இருக்கும் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம். குக்கர் கேஸ்கெட் பழசானால் பக்கவாட்டில் ஆவி பீய்ச்சுகிறது இல்லையா, அதே கதை.

எங்கள் வண்டியில் நடந்தது இரண்டாவது காரணம். எப்போதோ எஞ்சின் வேலைக்குக் கழற்றிய கிளிப் ஒன்று காணோம். குழாய் ஒரு இரும்புத் தகட்டின் விளிம்பில் உரசி, ஊசி முனை அளவுக்கு ஓட்டை. அவ்வளவுதான்! அந்த ஊசி ஓட்டைக்குத்தான் மூன்று தடவை 1,800 ரூபாய்.

கசிவைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேஸ் தனியாகச் சுற்றுவதில்லை, அதோடு கொஞ்சம் எண்ணெயும் சுற்றுகிறது. கம்ப்ரெஸருக்கு அதுதான் உயிர். கேஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் கசியும், அதன் மேல் தூசி ஒட்டும். ஆகவே குழாயில் ஒரு இடத்தில் மட்டும் பிசுக்காக, கறுப்பாக அழுக்கு சேர்ந்திருந்தால் அங்கே சந்தேகப்படலாம். "அம்மா, அடுப்பு மேடைச் சுவர்ல எண்ணெய்ப் பிசுக்கு சேருமே, அது மாதிரி இருக்கா பாருங்க" என்று டார்ச் அடித்துக் காட்டினார் பெரியவர். இருந்தது.

ஆனால் கண்ணால் பார்த்ததோடு அவர் விடவில்லை. கேஜ் மாட்டி, உள்ளே கேஸ் மிச்சமில்லை என்று பார்த்துக்கொண்டார். பிறகு நைட்ரஜன் சிலிண்டரிலிருந்து அளவாக அழுத்தம் கொடுத்தார். "வெறும் காத்தடிக்கிற மெஷினாலேயே அடிக்கலாமே?" என்று கேட்டேன். காற்றில் ஈரம் இருக்கிறது, அந்த ஈரம் உள்ளே போனால் எண்ணெயைக் கெடுக்கும் என்றார். நைட்ரஜன் உலர்ந்தது, எரியவும் எரியாது. பிறகு சோப்பு நுரையைப் பிரஷால் எல்லா இணைப்பிலும் தடவினார். புளித்த தோசை மாவு மாதிரி, அந்தத் தகட்டின் ஓரத்தில் மட்டும் குமிழி குமிழியாகப் பொங்கியது. என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

சோப்பு நுரைக்கு அகப்படாத மெல்லிய கசிவுக்கு வேறு வழிகளும் உண்டு. கேஸோடு ஒரு சாயத்தைக் கலந்து சில நாள் ஓட்டிவிட்டு, ஊதாக் கதிர் விளக்கு அடித்தால் கசிந்த இடம் பச்சையாக மின்னும். கேஸை மோப்பம் பிடிக்கும் எலெக்ட்ரானிக் கருவியும் இருக்கிறது.

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. ஏ.ஸி. ஓடும்போது கார் அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தால் பயப்படாதீர்கள். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் வெளியே வியர்க்கிற மாதிரி, கூலிங் காயிலில் படிந்த ஈரம் அது. கசிவு இல்லை. அதேபோல், குளிர்ச்சி இல்லை என்றாலே கேஸ் இல்லை என்று முடிவு கட்டவும் வேண்டாம். ஓடும்போது குளிர்ந்து சிக்னலில் நின்றால் குளிராமல் போனால், முன்பக்க விசிறி சரியில்லாமல் இருக்கலாம். காற்றே குறைவாக வந்தால், உள்ளே இருக்கும் ஃபில்டர் அழுக்கடைந்திருக்கலாம்.

ஓட்டையை அடைக்க என்ன வழி?

நாலு வழி சொன்னார் பெரியவர்.

முதல் வழி, ஓட்டை சின்னதாக, நேரான இடத்தில் இருந்தால் அந்தக் குழாயைக் கழற்றி ஆர்கான் வெல்டிங் அல்லது அலுமினியப் பற்றவைப்பு. இதற்குக் கைப்பழக்கம் உள்ள ஆள் வேண்டும். அலுமினியம் இரும்பு மாதிரி சிவந்து காட்டி எச்சரிக்காது. 660 டிகிரி வந்ததும் பொசுக்கென்று உருகி விழுந்துவிடும்.

இரண்டாவது, ரப்பர் பகுதி கெட்டிருந்தால் அதை மட்டும் வெட்டிவிட்டு, ஏ.ஸி.க்கென்றே இருக்கும் புது ஹோஸைப் போட்டு, மெஷினில் கிரிம்ப் செய்வது. தண்ணீர் ஹோஸும் திருகு கிளாம்பும் உதவாது.

மூன்றாவது, முழுக் குழாயையும் புதிதாக வாங்கி மாற்றுவது. பல இடத்தில் அரித்திருந்தால் இதுதான் நல்லது. ஒரு இடத்தைப் பற்றவைத்தால் பக்கத்து இடம் விட்டுக்கொள்ளும், பழைய புடவையில் ஒட்டுப் போடுகிற மாதிரி.

நாலாவது, பழைய வண்டிக்குப் புதுக் குழாய் கிடைக்காவிட்டால், சென்னையில் இருப்பவர்களுக்கு இருக்கவே இருக்கிறது புதுப்பேட்டை. பிரித்த வண்டியின் குழாய் கிடைக்கும். ஆனால் வாங்கியதும் அழுத்தம் கொடுத்துச் சோதிக்காமல் மாட்டக் கூடாது.

தண்ணீர்க் குழாய்க்கு ஒட்டுகிற பசையையோ டேப்பையோ வைத்து அடைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். 200 பவுண்டு அழுத்தம் என்றேனே, ஞாபகம் இருக்கிறதா? பசை எத்தனை நாள் தாங்கும்? ஓட்டையைத் தானே அடைக்கும் என்று கேஸோடு ஊற்றும் திரவமும் விற்கிறார்கள். அது உள்ளே இருக்கும் சின்ன துவாரங்களையும் அடைத்துவிடக் கூடும், கடைக்காரரின் கருவியையும் கெடுக்கும் என்று பெரியவர் அதைத் தொடுவதே இல்லை.

எங்களுக்கு முதல் வழியே போதுமானதாக இருந்தது. குழாயைக் கழற்றி, ஓட்டை இடத்தை நன்றாகச் சுரண்டிச் சுத்தம் செய்து, சற்றுத் தள்ளி இருந்த ரப்பர் முனை வேகாமல் இருக்க ஈரத் துணி சுற்றி, பற்றவைத்தார்கள். பிறகு உள்ளே சுத்தம் செய்து, நைட்ரஜன் கொடுத்து, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்த்தார்கள். சைக்கிள் டியூபுக்குப் பார்க்கிற மாதிரிதான். ஒரு குமிழி வரவில்லை. காணாமல் போன கிளிப்புக்குப் பதிலாக ரப்பர் வைத்த புதுக் கிளிப்பும் மாட்டச் சொன்னேன். ஓட்டையை அடைத்துவிட்டுக் காரணத்தை விட்டுவைத்தால் ஆறு மாதத்தில் மறுபடி ஓட்டைதானே?

அடைத்த பிறகுதான் பாதி வேலை

குழாயை மாட்டியவுடன் கேஸ் போட்டுவிடக் கூடாது. கழற்றிய இடத்திலெல்லாம் புது ஓ-ரிங் போட வேண்டும், ஏ.ஸி. எண்ணெய் தடவி. சில்லறைக் காசு சாமான்தான், பழசையே திருப்பிப் போட்டால் மறுபடி கசியும். குழாய் பல நாள் ஓட்டையாகக் கிடந்திருந்தால் டிரையரையும் மாற்ற வேண்டும். டப்பா மூடியைத் திறந்து வைத்த அப்பளம் மாதிரி, அதில் இருக்கும் மணிகள் ஈரத்தைக் குடித்துவிட்டிருக்கும். கசிந்துபோன அளவுக்கு எண்ணெயும் சேர்க்க வேண்டும். கேஸ் குறைந்தால் எண்ணெய் சரியாகத் திரும்பி வராமல் கம்ப்ரெஸர் வறண்டு இறுகிவிடலாம். கசிவை அலட்சியம் செய்வதன் பெரிய நஷ்டம் அதுதான். கம்ப்ரெஸர் போனால் செலவு பத்தாயிரத்தைத் தாண்டும்.

அடுத்தது வேக்குவம். ஒரு பம்ப்பை மாட்டி உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுக்கிறார்கள். எதற்கு? நம் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். குக்கருக்குள் அழுத்தம் ஏறுவதால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரி வரை போகிறது, பருப்பு சீக்கிரம் வேகிறது. இங்கே தலைகீழ். அழுத்தத்தை மிகவும் குறைத்துவிட்டால், அடுப்பே இல்லாமல் சாதாரணச் சூட்டிலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடும். அப்படித்தான் குழாய்க்குள் இருக்கும் ஈரத்தை வெளியேற்றுகிறார்கள். இதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வேண்டும். பிறகு பம்ப்பை நிறுத்திவிட்டு, கேஜ் முள் நகராமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நகர்ந்தால் இன்னும் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். முக்கால் மணியில் எல்லாம் முடிந்து வண்டி வெளியே வந்தால், இந்த வேலைகளில் எதையோ விட்டுவிட்டார்கள் என்றுதான் பொருள்.

கடைசியில் கேஸ். சின்னக் கார்களுக்கு மொத்தமே அரைக் கிலோவோ அதற்கும் குறைவோதான். பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எந்த கேஸ், எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கும். தராசில் வைத்து அந்த அளவுதான் போட வேண்டும். நிறையப் போட்டால் நிறையக் குளிரும் என்பது தப்பு. உப்பு மாதிரிதான், கூடினாலும் கெடும், குறைந்தாலும் கெடும்.

எந்த கேஸ்?

முன்பெல்லாம் ஆர்-12 என்ற கேஸ் போட்டார்கள். அது பூமிக்கு மேலே குடையாக இருக்கும் ஓஸோன் படலத்தைக் கெடுக்கிறது என்று தெரிந்ததும், 1987-ல் மான்ட்ரியல் நகரில் நாடுகள் கூடி ஒப்பந்தம் செய்தன. 1990-களில் கார்கள் ஆர்-134ஏ என்ற கேஸுக்கு மாறத் தொடங்கின. 2010-லிருந்து ஆர்-12 வகை கேஸ்களின் உற்பத்தி நம்மைப் போன்ற நாடுகளிலும் ஒப்பந்தப்படி நின்றது. எங்கள் வண்டியிலிருப்பது 134ஏ. இது ஓஸோனைக் கெடுப்பதில்லை. ஆனால் பூமியைச் சூடாக்குவதில், எடைக்கு எடை, கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். அதனால்தான் 2016-ல் கிகாலி நகரில் இதையும் படிப்படியாகக் குறைக்க முடிவு செய்தார்கள். இப்போதைய புதுக் கார்கள் பலவற்றில் ஆர்-1234ஒய்எஃப் என்ற கேஸ் வருகிறது. நாம் ஓட்டை வண்டியில் கேஸ் போட்டுக்கொண்டே இருந்தால் நம் பணம் மட்டுமா போகிறது? நம் பேரப்பிள்ளைகள் வாழப்போகும் ஊரையும் அல்லவா சூடாக்குகிறோம்!

மலிவாக இருக்கிறதென்று சமையல் கேஸ் வகைக் கலவையை ஏ.ஸி.யில் போடுகிறவர்களும் உண்டு. கண்டிப்பாகச் சம்மதிக்காதீர்கள். கூலிங் காயில் இருப்பது கார் உள்ளே. அது கசிந்தால் தீப்பிடிக்கிற வாயு குழந்தைகள் உட்காரும் இடத்திலேயே நிரம்பும்.

வீட்டில் செய்யலாமா?

கைவேலை தெரிந்த சில கணவர்மார்களுக்கு எதையும் தாமே கழற்றிப் பார்க்கிற ஆசை உண்டு. பிசுக்கு இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கட்டும், ஃபில்டரைச் சுத்தம் செய்யட்டும். இணைப்பை மட்டும் திருகக் கூடாது. 134ஏ சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். கையில் பீய்ச்சினால் தோல் உறைந்து புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கேஸ் உள்ள குழாயில் நெருப்பு வைத்துப் பற்றவைக்கவும் கூடாது. குழாய் வெடிக்கலாம், தீயில் பட்ட கேஸ் விஷ வாயுவாகவும் மாறும். உள்ளே கேஸ் மிச்சமிருந்தால், அதை மெஷினில் இறக்கி எடுத்த பிறகே குழாயைக் கழற்ற வேண்டும்.

குழந்தை விஷயத்தில்

ஏ.ஸி. சரியானதும் நமக்கு ஒரு தைரியம் வந்துவிடும். "குழந்தை தூங்குது, உள்ளயே இருக்கட்டும், ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்" என்று தோன்றும். கூடவே கூடாது. எஞ்சினை நிறுத்தினால் ஏ.ஸி.யும் நின்றுவிடும். வெயிலில் மூடி வைத்த கார் எவ்வளவு சூடாகிறது என்று அமெரிக்காவில் சோதித்து 2005-ல் வெளியிட்டார்கள். ஒரு மணியில் வெளிச்சூட்டைவிட ஏறக்குறைய 22 டிகிரி செல்ஷியஸ் கூடியது. அதில் பெரும்பகுதி முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பிரயோசனமில்லை. பிஞ்சு உடம்பு பெரியவர்கள் உடம்பைவிடச் சீக்கிரம் சூடேறும். ஏ.ஸி. ஓடுகிறதே என்று எஞ்சினை ஓடவிட்டு மூடிய ஷெட்டுக்குள் காரில் தூங்குவதும் ஆபத்து. புகையில் இருக்கும் விஷ வாயுவுக்கு மணமே கிடையாது.

வெயிலில் நின்ற காரில் குழந்தையோடு ஏறுவதற்கு முன் எல்லாக் கதவையும் திறந்து இரண்டு நிமிஷம் அனலை வெளியே விடுங்கள். ஸீட் பெல்ட் பக்கிளைத் தொட்டுப் பாருங்கள், கொதிக்கும். குளிர்க் காற்றை நேராகக் குழந்தை முகத்தில் படும்படி வைக்காமல் மேல் பக்கம் திருப்பிவிடுங்கள்.

செலவுக் கணக்கு

எங்களுக்கு ஆன செலவைச் சொல்லிவிடுகிறேன். வெல்டிங் 600, ஓ-ரிங்கும் கிளிப்பும் 250, டிரையர் 950, எண்ணெயும் கேஸும் 1,500, கூலி 1,200. ஆக மொத்தம் 4,500 ரூபாய். முன்பு மூன்று தடவையாகக் காற்றில் விட்டது 5,400! ஊருக்கு ஊர், வண்டிக்கு வண்டி தொகை மாறும். கூலிங் காயிலே ஓட்டை என்றால் டாஷ்போர்டைக் கழற்ற வேண்டிவரும், கூலியும் ஏறும். ஜூன் மாதம் பேத்தி பிறந்தாள். அந்தக் காரிலேயே அவளை அழைத்து வந்தோம். இன்றுவரை அந்த வண்டிக்கு மறுபடி கேஸ் போடவில்லை.

கடைக்குப் போகும்போது இந்த ஆறு கேள்விகளைக் கேளுங்கள், அல்லது எழுதிக் கணவரிடம் கொடுத்தனுப்புங்கள்:

1. கேஸ் எங்கே கசிகிறது? எனக்குக் காட்ட முடியுமா?

2. எதனால் ஓட்டையாச்சு? அந்தக் காரணத்தையும் சரி செய்வீர்களா?

3. கழற்றும் இடங்களில் புது ஓ-ரிங் போடுவீர்களா? டிரையர் மாற்ற வேண்டுமா?

4. எத்தனை நிமிஷம் வேக்குவம் வைப்பீர்கள்? முள் நிற்கிறதா என்று பார்ப்பீர்களா?

5. என்ன கேஸ்? ஸ்டிக்கரில் உள்ளபடி தராசில் நிறுத்துப் போடுவீர்களா?

6. பழைய கேஸ் மிச்சமிருந்தால் அதைக் காற்றில் விடாமல் மெஷினில் எடுப்பீர்களா?

பதில் சொல்லக் கூச்சப்படாத மெக்கானிக்கிடம் நம்பி வண்டியை விடுங்கள். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா?" என்று கேட்பவரிடம், "பணம் கொடுக்கிறது நாங்கதானே?" என்று சொல்லிவிட்டு வேறு கடை பாருங்கள்.